கல்லுல புள்ளி காணாமப் போனா அது மெஷினோட தப்பு இல்லைங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல சுயதொழில் பக்கத்துல லேசர் என்கிரேவிங், அதாவது கல்லு, மரம், அக்ரிலிக்னு லேசரால எரிச்சு எழுத்தும் படமும் போடற தொழில் பத்தி வந்திருந்தத படிச்சேன். எங்க தொழில பத்தி தமிழ்ல ஒரு பக்கம் முழுசா வந்தத பாத்து ரொம்ப சந்தோஷம், கத்தரிச்சு கடை சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். மெஷின் என்ன விலை, எத்தன வாட், மாவட்ட தொழில் மையத்துல பி.எம்.இ.ஜி.பி., யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்துல மானியத்தோட லோன் எப்படி வாங்கறது, கீ செயினுக்கு எவ்ளோ நிக்கும், ஷீல்டுக்கு எவ்ளோ நிக்கும்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா அந்த மெஷினுக்குள்ள போற ஃபைல் எங்கிருந்து வருது, அத யாரு ரெடி பண்றா, எப்படி ரெடி பண்றாங்கறதுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு ஐயா, டிசைன ஏத்தி பட்டன அமுக்கினா வேலை முடிஞ்சுதுங்கற மாதிரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போயிரும், பொறுத்துக்கோங்க.

நான் காவேரிப்பட்டணத்துல டிடிபி கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிக்கை, ஸ்கிரீன் பிரிண்டிங், அப்புறம் ஃப்ளெக்ஸ் டிசைன்னு 19 வருஷம் ஓடிருச்சு. ஒரு 6 வருஷமா கிருஷ்ணகிரி, பர்கூர், தருமபுரி பக்கம் லேசர் வெச்சிருக்கறவங்களுக்கு ஃபைல் ரெடி பண்ணிக் குடுக்கறதுதான் என்னோட முக்கியமான வேலை. எங்கிட்ட மெஷின் கெடயாது. நான் கோடு மட்டும்தான் போடுவேன், எரிக்கறது அவங்க.

முதல்ல என் கையால நடந்த தப்ப சொல்லிடறேன். 4 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரியம்மா, பர்கூர் பக்கத்து ஊரு, வீட்டுக்காரரு தவறிப்போயி காரியத்துக்குள்ள சமாதில கல்லு வெக்கணும்னு கருப்பு கிரானைட்டுக்கு சொல்லியிருந்தாங்க. வாசகத்த பையன் ஒரு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து அத போன்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பிட்டான். நாள் கம்மி, நானும் டைப் பண்ண சோம்பேறித்தனப்பட்டு அந்த போட்டோவையே கோரல்ட்ராங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல போட்டு ட்ரேஸ், அதாவது படத்த தானா கோடா மாத்தற கமாண்ட், குடுத்துட்டேன், ஸ்கிரீன்ல பாக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, அப்படியே கடைக்கு அனுப்பிட்டேன், அவங்களும் எரிச்சுட்டாங்க. கல்லுல "தோற்றம்"ங்கறது "தோறறம"ன்னு விழுந்திருக்குது. கீழ "கண்ணீருடன் குடும்பத்தினர்"ங்கற வரியில 5 புள்ளி இருக்கணும், 2 தான் இருந்துச்சு. அந்தம்மாவுக்கு படிக்க வராது, ஆனா பேரன் பக்கத்துல நின்னு எழுத்துக்கூட்டி படிச்சுட்டு "பாட்டி தப்பா இருக்குது"ன்னு சொல்லிட்டான். அந்தம்மா கல்ல தடவிப் பாத்துட்டு "கண்ணு, மேல வெக்க வேண்டியத வெக்காம வுட்டுட்டீங்களா"ன்னு கேட்டுச்சு, திட்டக்கூட இல்ல. வேற கல்லு எடுத்து என் செலவுல மறுபடியும் பண்ணிக் குடுத்தேன், ஆனா காரியத்து நாள் அன்னிக்கு கல்லு இல்லாமத்தான் நடந்துச்சு. அத என்னால மறக்க முடியல.

அப்பதான் ஏன் புள்ளி மட்டும் போச்சுன்னு உக்காந்து தேடினேன். ட்ரேஸ் பண்ற சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும், கோரலோ இங்க்ஸ்கேப்போ, படத்துல இருக்கற சின்னச் சின்ன துணுக்க தூசின்னு நெனச்சு தள்ளிவிடற ஒரு செட்டிங் இருக்கும். இங்க்ஸ்கேப்புல அது பேரே ஸ்பெக்கிள்ஸ், இத்தன பிக்சலுக்கு கீழ இருந்தா நீக்கிடுன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரனுக்கு அது நல்ல வசதி, அவனுக்கு போனா சின்ன ஐ, சின்ன ஜே தலையில இருக்கற புள்ளி போகும், போனாலும் படிச்சுக்கலாம். நம்ம எழுத்துல புள்ளி போனா மெய்யெழுத்தே இல்லாமப் போயிருதே. அதோட நிக்கறதில்ல, "ஈ" எழுத்துல இருக்கற ரெண்டு புள்ளி போயிரும், ஆய்த எழுத்து மூணு புள்ளியில ஒண்ணு போயிரும், "ர"வோட கீழ வர்ற சின்ன வால ஸ்மூத் பண்றேன்னு வழிச்செடுத்துட்டா அது துணைக்கால் ஆயிரும். போட்டோ மங்கலா இருந்துச்சுன்னா "க", "ண" சுழி உள்ள அடைச்சுக்கும். வாட்ஸ்அப் வேற படத்த அமுக்கித்தான் அனுப்பும், எழுத்தச் சுத்தி ஒரு அழுக்கு மாதிரி படியும், ட்ரேஸ் அந்த அழுக்கையும் சேத்து கோடாக்கிரும். அதனால அனுப்பறவங்க தயவுசெஞ்சு போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்னு வர்ற எடத்துல போட்டு அனுப்புங்க, இந்த ஒண்ண மட்டும் பண்ணினாக்கூட எங்களுக்கு பாதி கஷ்டம் கொறையும். முடிஞ்சா வாசகத்த டைப் பண்ணி மெசேஜாவே அனுப்பிருங்க, அது இன்னும் நல்லது.

தருமபுரி அகழ்வைப்பகத்துல நடுகல் நிறைய வெச்சிருக்காங்க, பல்லவர் காலத்து வட்டெழுத்து வெட்டினதெல்லாம் இருக்கு, பசங்கள கூட்டிட்டுப் போயி பாத்திருக்கேன். கல்வெட்டு தெரிஞ்ச ஒரு ஐயா அங்க சொன்னாரு, பழைய கல்வெட்டுல பெரும்பாலும் புள்ளி போட்டிருக்க மாட்டாங்க, ஓலையிலயும் அப்படித்தான், இடம் பாத்து படிக்கறவங்களே புரிஞ்சுக்குவாங்கன்னு. எனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா அன்னிக்கு வெட்டினவருக்கும் படிச்சவருக்கும் அது பழக்கம். இன்னிக்கு ஒண்ணாங்கிளாஸ் பையன் கூட புள்ளி வெச்சுத்தான் படிக்கறான், அதனால அந்தக் காலத்துல போடலையேன்னு யாரும் நமக்கு சாக்கு சொல்லக்கூடாது. இப்ப நான் எந்த ஃபைல் வந்தாலும் முதல்ல வாசகத்துல எத்தன புள்ளின்னு பென்சில்ல எண்ணி ஓரத்துல எழுதி வெச்சுக்குவேன், எழுத்த கர்வ், அதாவது வெறும் கோடா, ஆக்கினதுக்கு அப்புறம் மறுபடியும் எண்ணுவேன், ரெண்டும் ஒத்துப்போனாத்தான் அனுப்புவேன். கல்லுன்னா புள்ளிய மட்டும் தனியா எடுத்து கொஞ்சம் பெருசாக்கிடுவேன். ஏன்னா கிரானைட்ல லேசர் பட்டா உளி மாதிரி குழி விழாது, சூட்டுல மேல இருக்கற மணி நொறுங்கி வெளுத்துப் போகும், அவ்ளோதான். 4 மி.மீ. எழுத்துக்கு புள்ளி அரை மி.மீ. கூட தேறாது, கல்லோட மணிக்குள்ளயே அது மறைஞ்சிரும்.

நான் போடற இந்த கோட்டு ஃபைல வெக்டர்னு சொல்வோம், அப்படின்னா என்னன்னு நெறய பேரு கேக்கறாங்க. போட்டோங்கறது கட்டம் கட்டமா கலர் அடைச்சது, பெருசு பண்ணினா கட்டம் தெரியும். வெக்டர்ங்கறது இந்த எடத்துல இருந்து இந்த எடம் வரைக்கும் இப்படி வளைஞ்சு போன்னு சொல்ற கணக்கு, எவ்ளோ பெருசு பண்ணினாலும் கோடு கோடாவே இருக்கும். பிரான்ஸ்ல ரெனோ கார் கம்பெனியில இருந்த பியர் பெசியேங்கறவரு 1960கள்ல கார் பாடி வளைவுக்காக கொண்டுவந்த கணக்கு, அதே மாதிரி சிட்ரோயன் கம்பெனியில காஸ்டெல்ஜோங்கறவரும் பண்ணியிருக்காரு, அதுதான் இன்னிக்கு கோரல்லயும் இங்க்ஸ்கேப்புலயும் நாம இழுக்கற கர்வ். ஆனா எங்க ஊரு பொம்பளைங்களுக்கு நான் இப்படியெல்லாம் சொல்றதில்ல, சிக்கு கோலம்னு சொன்னா ஒடனே புரிஞ்சுக்குவாங்க. சிக்கு கோலத்துல கம்பி எங்க ஆரம்பிக்குதோ அங்கயே வந்து முடியணும், நடுவுல விட்டுப்போனா அது கோலம் ஆகாது. லேசர் ஃபைலும் அதேதாங்க. எழுத்தோட வெளிக்கோடு ஆரம்பிச்ச எடத்துலயே வந்து மூடணும், கண்ணுக்கு தெரியாத அளவு இடைவெளி, 0.05 மி.மீ. இருந்தாக்கூட மெஷின் சாஃப்ட்வேர் அத திறந்த கோடுன்னு எடுத்துக்கும், உள்ள நெரப்பாது. கடைக்காரரு எழுத்து பாதி எரிஞ்சிருக்குது பாதி எரியலைன்னு போன் பண்ணுவாரு, மெஷின் ரிப்பேர்னு ஆள கூப்பிடுவாரு, கடைசியில பாத்தா ஒரு நோட் சேராம இருந்திருக்கும்.

நோட்னா கோட்டுல இருக்கற மூட்டு. ஒரு வட்டத்துக்கு 4 நோட் போதும். கை பழகினவங்க கோலக்கம்பிய ஒரே மூச்சுல இழுக்கற மாதிரி அது வழுவழுன்னு போகும். ட்ரேஸ் பண்ணின வட்டத்த திறந்து பாத்தா 60, 70 நோட் இருக்கும், ஒவ்வொரு மூட்டுலயும் மெஷின் தலை கொஞ்சம் வேகம் கொறைஞ்சு திரும்பிப் போகும், அந்த எடம் அதிகமா எரியும், ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், நேரமும் கூட எடுக்கும். நோட்ட தானா கொறைக்க சிம்ப்ளிஃபைன்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஆனா அத தமிழ் எழுத்துல கண்ண மூடிட்டு குடுக்காதீங்க, "ழ"வோட வாலையும் "ஞ"வோட சுழியையும் அது இஷ்டத்துக்கு வளைச்சிரும். ஒரு தடவ குடுத்து பெருசு பண்ணி பாருங்க, கெட்டிருந்தா பின்னாடி வந்துட்டு கையால நோட்ட எடுங்க.

இன்னொரு பெரிய தொல்லை டபுள் கோடு. காப்பி பேஸ்ட் பண்றப்ப ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்துக்கும், ஸ்கிரீன்ல ஒரே கோடாத்தான் தெரியும், கலர் இல்லாம கோடு மட்டும் காட்டற ஒயர்ஃப்ரேம்ல போட்டு பாத்தாலும் தெரியாது. மெஷின் விசுவாசமா ரெண்டு தடவ வெட்டும். 3 மி.மீ. அக்ரிலிக்ல ஓரம் உருகி மஞ்சளாயிரும், எம்.டி.எஃப்.ங்கற மரத்தூள் பலகையில கருகிரும். நான் ஒவ்வொரு கோட்டையும் புடிச்சு லேசா நகத்திப் பாத்துட்டு திரும்ப அதே எடத்துல வெப்பேன், கீழ இன்னொண்ணு நின்னுச்சுன்னா மாட்டிக்கும். மெஷின ஓட்டற சாஃப்ட்வேரான ஆர்டி ஒர்க்ஸ்லயும் லைட்பர்ன்லயும் டபுள் கோட்ட தூக்கறதுக்கு தனியா கமாண்டே இருக்கு, ஆனா மெஷின்காரரு அவசரத்துல அத பண்ணமாட்டாரு, அனுப்பறவங்கதான் பண்ணணும்.

தமிழ் ஃபாண்ட் விஷயத்துல நாங்க படற பாடு தனிக்கதை. எங்க மாதிரி பழைய டிடிபி ஆளுங்க பாமினி, வானவில்னு பழகினவங்க, அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல ஃபைல திறந்தா வாசகம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமா நிக்கும். யூனிகோட்ல அடிச்சா அந்தப் பிரச்சனை இல்ல, ஆனா பழைய கோரல் வெர்ஷன்ல ஒத்தக்கொம்பு எழுத்துக்கு பின்னாடி போயி உக்காந்துக்கும், "கொ" மூணு துண்டா பிரியும். தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோட்ட தரமா ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு, தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமா ஃபாண்ட் குடுக்குது, முக்தா மலர், மீரா இனிமை மாதிரி நல்ல ஃபாண்டும் இலவசமா கெடைக்குது. அடிக்கறத யூனிகோட்ல அடிங்க, சரியா இருக்கான்னு ரெண்டு பேரு படிங்க, அப்புறம் கோரல்னா கண்ட்ரோல் க்யூ குடுத்து கர்வா மாத்திருங்க. கர்வா மாத்தாத எந்த ஃபைலையும் கடைக்கு அனுப்பாதீங்க. மாத்தினதோட ஒரிஜினல் டைப் பண்ணின காப்பி ஒண்ண தனியா வெச்சுக்கோங்க, நாளைக்கு தேதி மாத்தணும்னு வந்தா கர்வ்ல எழுத்து திருத்த முடியாது.

கர்வா மாத்தினதும் இன்னொரு வேல இருக்கு, வெல்டு. சில ஃபாண்ட்ல "தி", "றி" மாதிரி எழுத்துல மேல வர்ற கொக்கி கீழ இருக்கற எழுத்து மேல கொஞ்சம் ஏறி உக்காந்திருக்கும். பிரிண்ட்ல அது தெரியாது, கருப்பு மேல கருப்பு. லேசர் சாஃப்ட்வேர்ல ஒண்ணு மேல ஒண்ணு விழற எடத்த காலின்னு எடுத்துக்கும், அந்த எடம் மட்டும் எரியாம வெள்ளையா தெரியும், அதாவது ஓட்டை விழுந்த மாதிரி. எல்லாத்தையும் வெல்டு பண்ணி ஒரே உருவமா ஆக்கிட்டா இது வராது. ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணிட்டிருந்தவங்க லேசருக்கு வந்தா முதல் மாசம் மாட்டற எடம் இதுதான், நானும் மாட்டினேன்.

எழுத்தயே தனியா வெட்டி எடுக்கற வேலைல, அதாவது பேர் கீ செயின், வாசல்ல ஒட்டற அக்ரிலிக் எழுத்து, அங்கயும் புள்ளிதான் பிரச்சனை. எழுத்துக்கும் புள்ளிக்கும் தொடர்பே இல்ல, வெட்டினா புள்ளி தனியா கீழ விழுந்து மெஷின் மேடையில தேன்கூடு மாதிரி இருக்கற ஹனிகோம்ப் ஓட்டைக்குள்ள போயிரும். அதுக்கு புள்ளியில இருந்து எழுத்துக்கு ஒரு மெல்லிசு கோடு இழுத்து சேக்கணும், இல்லைன்னா பின்னாடி ஒரு பட்டை வெச்சு அதுல எல்லாத்தையும் ஒக்கார வெக்கணும். ஸ்டென்சில்னா இதுக்கு நேர் எதிர், "க", "ண", "ஞ" சுழிக்குள்ள இருக்கற தீவு விழுந்துரும், அங்கங்க சின்னதா பாலம் விடணும். இங்கிலீஷுக்கு ரெடிமேடா ஸ்டென்சில் ஃபாண்டும் ஒத்தக்கோட்டு ஃபாண்டும் எக்கச்சக்கமா கெடைக்குது, தமிழுக்கு நாங்க ஒவ்வொரு எழுத்தா கையால பாலம் போட்டுக்கிட்டிருக்கோம். ஃபாண்ட் பண்றவங்க யாராவது இத படிச்சா தயவுசெஞ்சு ஒரு நல்ல தமிழ் ஸ்டென்சில் பண்ணிக் குடுங்க, எங்க பக்கத்து கடைக்காரங்க எல்லாம் உங்கள கும்பிடுவாங்க.

அளவு விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. டிசைன ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு கொண்டு போற டிஎக்ஸ்எஃப் ஃபைல்ல இது அங்குலமா மில்லிமீட்டரான்னு பல நேரம் சரியா போய்ச் சேராது, அதனால 100 மி.மீ. போர்டு 4 மி.மீ.க்குள்ள சுருங்கி வந்து நிக்கும். அது கண்ணுக்கு தெரிஞ்சிரும், பரவால்ல. கண்ணுக்கு தெரியாத தப்புதான் ஆபத்து. பழைய இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல்னு கணக்கு வெச்சிருந்துச்சு, 2017ல வந்த வெர்ஷன்ல இருந்து 96 ஆக்கிட்டாங்க, அந்த பழைய ஃபைல புதுசுல கவனிக்காம திறந்தா 300 மி.மீ. இருக்க வேண்டியது 281 ஆகும். அதுக்குத்தான் ஒவ்வொரு ஃபைல்லயும் ஓரமா 50 மி.மீ. கட்டம் ஒண்ணு போட்டு வெச்சுக்கறேன், கடைக்காரரு அத அளந்து பாத்துட்டு அழிச்சிருவாரு. டப்பா, ஸ்டாண்டு மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகற வேலைன்னா லேசர் தின்ற அகலத்தயும் கணக்குல எடுக்கணும், 3 மி.மீ. பலகையில சுமாரா 0.1லருந்து 0.2 மி.மீ. போகும். பலகையும் 3 மி.மீ.ன்னு சொல்லி விப்பாங்க, வெர்னியர் வெச்சு அளந்தா 2.8 இருக்கும். அளக்காம பல்லு வெட்டினா தொளதொளன்னு ஆடும்.

கலர பத்தியும் சொல்லணும். லேசர் சாஃப்ட்வேருக்கு செவப்பு, நீலம், கருப்புங்கறது அழகுக்கு இல்ல, ஒவ்வொரு கலரும் ஒரு லேயர், இந்த லேயர் வெட்டு, இந்த லேயர் நெரப்புன்னு. கடைக்கு கடை பழக்கம் மாறும், அதனால முதல்லயே கேட்டுக்கணும். வரிசை மட்டும் எல்லா எடத்துலயும் ஒண்ணுதான், முதல்ல எழுத்து எரிக்கணும், அப்புறம் உள்ள இருக்கற ஓட்டை, கடைசியிலதான் வெளி ஓரம். வெளி ஓரத்த முதல்ல வெட்டிட்டா பீஸ் கொஞ்சம் சாஞ்சிரும், அதுக்கப்புறம் எரிக்கற எழுத்து கோணலா விழும்.

எந்த மெஷின்ல போகப்போகுதுன்னு தெரியாம ஃபைல் பண்ணக்கூடாதுங்க. நம்ம பக்கம் அதிகமா இருக்கறது கார்பன் டை ஆக்சைடு லேசர், 10.6 மைக்ரான் அலைநீளம், மரம், அக்ரிலிக், தோல், கல்லு எல்லாம் அத உறிஞ்சிக்கும். 1964ல இத அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்து கண்டுபிடிச்சவரு குமார் படேல், மகாராஷ்டிராவுல பாராமதியில பொறந்தவரு, நம்ம பசங்க எத்தன பேருக்கு இது தெரியும்னு எனக்கு ஆதங்கம். எவர்சில்வர் டம்ளர்ல பேர் போடணும்னா அது ஃபைபர் லேசர், 1.06 மைக்ரான், அதுல நெறய கடையில லென்ஸ் 110க்கு 110 மி.மீ. அளவுதான் புடிக்கும், அதுக்கு மேல பெருசா டிசைன் பண்ணிட்டுப் போனா அங்கயே சுருக்கி பல்லிளிச்சுரும். கல்லுல மூஞ்சி போடறது வெக்டர் வேலையே கெடயாது, அது போட்டோவாவே போகணும், ஆனா கருப்பு கல்லுல எரிஞ்ச எடம் வெள்ளையாகும்ங்கறதால நெகட்டிவா மாத்தி அனுப்பணும், மறந்தா அப்பா மூஞ்சி கருப்பு முடி வெள்ளையா மாறி பாக்கவே பயமா இருக்கும். போட்டோ தனி லேயர், எழுத்து வெக்டரா தனி லேயர், ரெண்டையும் ஒரே படமா ஒட்டி அனுப்பினா எழுத்து ஓரம் மங்கிரும்.

இன்னொண்ணு, இது டிசைன் இல்ல உசுரு விஷயம். டிசைனோட சேத்து பொருளையும் கஸ்டமரே கொண்டு வர்றாங்க, சன்போர்டு, ரெக்சின், ஸ்டிக்கர் ஷீட்டுன்னு. இதுல பெரும்பாலும் பி.வி.சி., லேசர் பட்டா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலயும் அரிக்கும், மெஷின் லென்சையும் ரெயிலையும் அரிச்சிரும். சந்தேகமா இருந்தா ஒரு செம்புக் கம்பிய நல்லா சூடு பண்ணி அந்த பொருள்ல தொட்டு மறுபடி நெருப்புல காட்டுங்க, தீ பச்சையா எரிஞ்சா குளோரின் இருக்குதுன்னு அர்த்தம், அத மெஷின் பக்கமே கொண்டு போகாதீங்க. காத்தோட்டமான எடத்துல நின்னு பண்ணுங்க. சின்ன வயசு பசங்க சந்துக்கடையில கதவ சாத்திட்டு வேலை பாக்கறாங்க, உங்க கட்டுரையில இது ஒரு பெட்டிச் செய்தியாவாவது வந்திருக்கணும் ஐயா.

இப்ப காசு விஷயம். ஃபைல் ரெடி பண்ண 200, 300 ரூபா கேட்டா, நெட்ல இருந்து எடுத்ததுதானே இதுக்கு என்னத்துக்கு காசுன்னு கேக்கறாங்க. போன ஆடி மாசம் ஒருத்தரு குலதெய்வம் முனியப்பன் படத்த மரப்பலகையில போடணும்னு கோயில்ல எடுத்த போட்டோ கொண்டு வந்தாரு, மாலை பாதி மறைச்சிருக்குது, வெளிச்சம் ஒரு பக்கம். அந்த மீசையையும் கண்ணையும் கோடு கோடா இழுக்க எனக்கு 4 மணி நேரம் ஆச்சு, கண்ணுல ஒரு நோட் கால் மி.மீ. நகந்தாக்கூட சாமி பார்வையே மாறிப்போகுது, கோவமா இருக்க வேண்டியவரு அசந்து போன மாதிரி தெரியறாரு. இது பட்டன அமுக்கற வேலையா சொல்லுங்க. மெஷின் ஓடினது 12 நிமிஷம், அதுக்கு காசு குடுக்க யாரும் யோசிக்கல. கடைக்காரங்களையும் நான் கொற சொல்லல, அவங்களுக்கு லோன் கட்டணும், டிசைன் ஃப்ரீன்னு போர்டு வெச்சாத்தான் ஆளு வருதுன்னு நெனக்கறாங்க, அதனால ஃபைல யாருமே கவனிக்கறதில்ல, ட்ரேஸ் குடுத்து எரிச்சிடறாங்க. கிருஷ்ணகிரியில இருந்து தருமபுரி வரைக்கும் புதுசா வர்ற வீட்டு நேம்போர்டையும் திறப்பு விழா கல்லையும் நின்னு படிச்சுப் பாருங்க, புள்ளி இல்லாதது எத்தனன்னு தெரியும். கிரானைட்டுக்கு பேர் போன ஊருல இப்படி இருக்கலாமா.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு விஷயம் ஐயா. ஒண்ணு, சுயதொழில் பக்கத்துல மெஷின் விக்கறவங்களையும் பேங்க்காரங்களையும் கேட்டு எழுதறீங்க, அடுத்த தடவ ஃபைல் போடறவங்க ஒருத்தரையும் கேட்டு எழுதுங்க. லோன் வாங்கற பையன் மெஷினுக்கு ஒதுக்கற காசோட டிசைன் கத்துக்க ஒரு 3 மாசத்தயும் ஒதுக்கணும்னு அதுல வரணும், இங்க்ஸ்கேப் இலவசம், சாதாரண கம்ப்யூட்டர் போதும், மெஷின் வர்றதுக்கு முன்னாடியே கத்துக்கலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்ல சனிக்கிழமை சனிக்கிழமை இத தமிழ்ல சொல்லிக்குடுக்க யாராவது முன்வந்தாங்கன்னா நான் சம்பளம் இல்லாம வந்து சொல்லிக்குடுக்கறேன், பொம்பளப் பிள்ளைங்க நெறய பேரு வரணும், கோலம் போட்ட கை இதுக்கு ரொம்ப சீக்கிரம் பழகும், நான் கண்ணால பாத்திருக்கேன், எங்கிட்ட கத்துக்கிட்ட 3 பொண்ணுங்க இப்ப வீட்ல இருந்தே ஃபைல் பண்றாங்க.

ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை இணைப்புல வாரம் ஒரு கால் பக்கம் குடுங்க, எங்க மாதிரி ஆளுங்க மாத்தி மாத்தி எழுதறோம், ஒரு வாரம் நோட், ஒரு வாரம் ஃபாண்ட், ஒரு வாரம் அளவு, ஒரு வாரம் கல்லுல போட்டோ. இந்த விஷயமெல்லாம் இங்கிலீஷ்ல கொட்டிக் கெடக்குது, ஆனா அதுல எங்கயும் "ற்"றுக்கு புள்ளி எவ்ளோ பெருசு வெக்கணும்னு இருக்காது, அத நாமதான் எழுதணும். முதல் வாரத்துக்கு புள்ளிய பத்தியே போடுங்க. படம் வேணும்னா அந்த கெட்டுப்போன கல்லு எங்க கடை வாசல்லதான் படி ஓரமா சாத்தி வெச்சிருக்கேன், பேரு இருக்கற எடத்த மறைச்சுட்டு "தோறறம"ங்கற எடத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்பறேன், டாக்குமெண்டா.

இப்படிக்கு,
லேசர் ஃபைல் வேலை பண்ற ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.